கேட்டதற்குப் பதில்

ஷார்ஜா தொழில்பேட்டை

அன்புள்ள மாப்ளே,

இங்கே பத்தாம் வகுப்பு படித்தபோது உன்னை மூன்று நாள் சஸ்பெண்ட் செய்தார்களே, அதைக் கல்லூரி விண்ணப்பத்தில் எழுத வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். படிவம் கேட்டால் எழுது. கேட்காவிட்டால் எழுதாதே. ஆனால் படிவம் என்ன கேட்கிறது என்பதைக் கடைசி வரை படி. டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து ஊரார் படிவங்களை நிரப்புகிறவன் சொல்கிறேன்: கேள்வியை நான் வாசித்து முடிப்பதற்குள் 'நோ போடுங்க அண்ணே' என்பவர்கள்தான் அதிகம்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு நீ நிரப்பும் காமன் ஆப்பில் பள்ளி ஒழுங்கு நடவடிக்கை பற்றிய கேள்வி முன்பு எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. 2021-22 சேர்க்கையிலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். வெள்ளை மாணவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான விகிதத்தில் கறுப்பின மாணவர்கள் 'ஆம்' என்று சொல்ல நேர்ந்ததையும், 'ஆம்' போட்டவர்களில் பலர் விண்ணப்பத்தை அனுப்பாமலே விட்டுவிட்டதையும் அவர்களுடைய கணக்கே காட்டியது. நியாயமான முடிவு. ஆனால் கேள்வி அடியோடு போய்விடவில்லை. ஒவ்வொரு கல்லூரியும் தன் கூடுதல் கேள்விகளில் அதைக் கேட்கலாம். பள்ளியை விட்டு நீக்கியதை மட்டும் கேட்கிறார்களா, சஸ்பென்ஷனையும் சேர்த்தா, எந்த வகுப்பிலிருந்து என்று பார். பழைய பொதுக் கேள்வி ஒன்பதாம் வகுப்பு முதலான விஷயங்களைக் கேட்டது. அப்படிக் கேட்டால் நீ சொல்லத்தான் வேண்டும்.

நம் ஊர்க் கதை வேறு. அங்கே பெரும்பாலும் உன்னைக் கேட்க மாட்டார்கள், டி.சி.யில் நடத்தை என்ற இடத்தில் பள்ளியே எழுதிவிடும். ஆசிரியர்களிடம் அத்துமீறும் மாணவர்களை நீக்கி, காரணத்தை டி.சி.யிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் குறிப்போம் என்று 2022 மே மாதம் அமைச்சர் அன்பில் மகேஸ் சட்டமன்றத்தில் சொன்னது ஞாபகமிருக்கலாம். பதினாறு வயதுப் பிள்ளையின் கோபத்தை ஆயுள் முழுக்கத் தூக்கித் திரிய வைக்கும் யோசனை அது, எனக்கு உடன்பாடில்லை. எப்படியும், உன் டி.சி.யில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடு.

அண்ணா பல்கலைக்கழகத்தில் வளைகுடாத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால், ராகிங் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று வரும். யு.ஜி.சி. 2009-இல் கொண்டுவந்த விதி. ராகிங்குக்காக எந்தக் கல்வி நிறுவனத்திலிருந்தும் நீக்கப்படவில்லை என்று நீயும் உன் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். பொய் என்று தெரிந்தால் சேர்க்கை ரத்தாகலாம். உன்னுடையது வகுப்புச் சண்டை. ராகிங்கும் இல்லை, நீக்கமும் இல்லை. தைரியமாகக் கையெழுத்துப் போடு. அந்தப் பத்திரத்தில் போய் சஸ்பென்ஷன் கதையை எழுதி வைக்காதே.

கேட்காததைச் சொல்லாமல் விடுவது தந்திரம் இல்லையா என்று உனக்குத் தோன்றும். 2016-இல் அவதார் சிங் வழக்கில், வேலைக்கான சரிபார்ப்புப் படிவங்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கேள். படிவத்தில் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். கேள்வி தெளிவாக இருக்க வேண்டும். கேட்காததைச் சொல்லவில்லை என்பதற்காக, மறைத்ததாகக் குற்றம் சாட்ட முடியாது. கல்லூரிக்கும் இதே நியாயம்தான் என்பது என் அபிப்பிராயம்.

பயமும் வேண்டாம். வீண் பயத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 2018 பிப்ரவரி 4 முதல் இங்கே வேலை விசாவுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கட்டாயம் என்றார்கள்; இந்தியா உட்படச் சில நாட்டினருக்கு ஏப்ரல் 1-இல் நிறுத்தி வைத்தார்கள். அந்த இரண்டு மாதம் கவுன்டரில் வந்து நடுங்கியவர்களில் பெரும்பாலோர் மேல் ஒரு வழக்கும் கிடையாது.

எழுத வேண்டி வந்தால் ஐந்து வரி போதும். என்ன செய்தாய், என்ன தண்டனை, அதற்குப் பிறகு எப்படி இருக்கிறாய். 'அவன்தான் முதலில்' என்று தொடங்காதே, சாரைத் திட்டாதே. பள்ளிக் கவுன்சிலரிடம் முன்கூட்டியே பேசு. அவர் எழுதுவதும் நீ எழுதுவதும் ஒத்துப்போக வேண்டும். ஏஜென்ட் எல்லாவற்றுக்கும் 'நோ' தட்டிவிடுவான், அவனிடம் பாஸ்வேர்டைக் கொடுக்காதே. அனுப்பும் முன் ஐந்து வரியையும் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. சஸ்பெண்ட் ஆன அன்று பள்ளிக்கு வந்து கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

அன்புடன்,
மாமா