மணிலா சாகுபடிக்கு ஒரு வேலைப் பலகை

மணிலாக் காய் பொக்காவதற்கு மண்ணில் சுண்ணாம்புச் சத்து போதாமை ஒரு முக்கிய காரணமாகும். இதற்கு ஜிப்சம் இட வேண்டும் என்பது விவசாயிகள் அறிந்ததே. இறவை மணிலாவுக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை, விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள் இட்டுக் கொத்தி, மண் அணைக்க வேண்டும். அதன்பின் விழுதுகள் மண்ணில் இறங்கிவிடும். அப்போது செடியடியைக் கிளறினால் விழுதுகள் அறுபட்டு மகசூல் குறையும்.

நாள் தவறுவது பெரும்பாலும் அறியாமையால் அல்ல. மூட்டை வாங்கியிருக்கமாட்டார்கள், அல்லது ஆளுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். இதைத் தவிர்க்க வேலைப் பலகை உதவும். ஜப்பானில் டொயோட்டா கார் தொழிற்சாலையில் டாயிச்சி ஓனோ என்பவர் கொண்டுவந்த அட்டை முறையே இதற்கு முன்னோடி. இன்று டிரெல்லோ போன்ற செயலிகள் மூலம் செல்போனிலேயே இப்பலகையை வைத்துக்கொள்ளலாம். செல்போன் இல்லாதவர்களுக்குச் சுவரும் சாக்கட்டியும் போதும்.

செய்முறை

1. 'செய்ய வேண்டியது', 'நடப்பது', 'முடிந்தது' என மூன்று பத்திகள் மட்டும் அமைக்கவும்.

2. ஒரு வேலைக்கு ஓர் அட்டை. அதில் வேலை, செய்பவர் பெயர், கடைசி நாள் ஆகிய மூன்றையும் எழுதவும்.

3. விதைத்த அன்றே எல்லா நாட்களையும் கணக்கிட்டு எழுதிவிடவும்.

உதாரணமாக, கடலூர், திருப்பாதிரிப்புலியூர் சுற்று வட்டாரத்தில் மார்கழிப் பட்டத்தில் டிசம்பர் 20ந் தேதி விதைத்தால், முதல் களை ஜனவரி 9; ஜிப்சம் வாங்கி வைக்க ஜனவரி 19; களைக்கு ஆள் சொல்ல ஜனவரி 25; ஜிப்சம் இட்டு மண் அணைக்க ஜனவரி 29 முதல் பிப்ரவரி 3 வரை. 105 நாள் ரகமானால் அறுவடை ஏப்ரல் 4ந் தேதி வாக்கில் வரும்.

4. 'நடப்பது' பத்தியில் ஒரே சமயத்தில் இரண்டு, மூன்று அட்டைகளுக்கு மேல் வேண்டாம். அதிகமானால் ஒன்றும் முடியாது.

5. வேலை முழுவதும் முடிந்தபின்பே அட்டையை 'முடிந்தது' பத்திக்கு மாற்றவும். பாதி வயலுக்கு ஜிப்சம் இட்டால் அது முடிந்த வேலை ஆகாது.

கவனிக்க வேண்டியவை

செயலியில் வண்ணக் குறிகளும் வேறு பல வசதிகளும் உண்டு. ஆரம்பத்தில் இவை எதுவும் தேவையில்லை. பலகை சிக்கலாகிவிட்டால் பத்து நாளில் யாரும் அதைப் பார்க்கமாட்டார்கள். வீட்டில் உள்ள அனைவரும் இரவுச் சாப்பாட்டுக்குப்பின் ஐந்து நிமிடம் பலகையைப் பார்த்து, மறுநாள் வேலையை முடிவு செய்வது நல்லது.

அறுவடை முடிந்ததும் பலகையை அழித்துவிட வேண்டாம். எந்த வேலை எத்தனை நாள் பிந்தியது என்பதை அதில் பார்த்து, அடுத்த பட்டத்தில் அவ்வேலைக்கான ஏற்பாட்டை முன்கூட்டியே தொடங்கலாம்.