கலந்த குடும்பம், வளர்ந்த இலக்கியம்

ஆம்பூரில் எங்கள் தெரு உருது பேசும். அப்பா தமிழ், பாட்டி தெலுங்கு. உங்கள் முன்னே பாட்டி தெலுங்கில் கூப்பிட்டால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

அந்த வெட்கத்தைப் போக்கியவர் எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி. 1943-இல் கொழும்பில், டச்சு, சிங்களம், தமிழ் ஆகிய மூவினமும் கலந்த குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்தனர். 1954-இல் இங்கிலாந்து, 1962-இல் கனடா என்று சென்றார். 1978-இலும் 1980-இலும் இலங்கைக்கு வந்து, உற்றார் உறவினரிடம் பழங்கதைகளைக் கேட்டார். அவற்றைக் கதையும் கவிதையும் நிழற்படமும் சேர்ந்த நூலாக 1982-இல் வெளியிட்டார். பிரிந்த தந்தையையும் அதில் தேடினார்.

கலப்பு குறையன்று, அது கருவூலம். கேட்டு எழுத ஆளில்லையேல் அழிந்துபோகும். என் பாட்டிக்கு எண்பது வயது. நேற்று மாலை நோட்டுப் புத்தகத்துடன் அவர் அருகில் உட்கார்ந்தேன்.