நீரைப் பிரிக்கும் உலோகங்கள்

நெருப்பை அணைப்பது நீர். ஆயினும், எரியும் மெக்னீசியத்தின்மீது நீரை ஊற்றினால் தீ அணையாது. முன்னினும் கடுமையாக எரியும். இதற்குக் காரணம் நீருக்குள்ளேயே இருக்கிறது.

நீரின் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது. ஆக்சிஜனோடு சேரும் நாட்டம் மிகுந்த உலோகங்கள் நீரோடு வினைபுரியும்போது, எரியும் தன்மையுடைய ஹைட்ரஜன் வெளியேறுகிறது.

இவ்வினை எல்லா உலோகங்களுக்கும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. சோடியம் குளிர்ந்த நீரிலேயே உருகி, உருண்டையாகி, நீரின்மேல் அங்குமிங்கும் ஓடும். ஆதலால் அதனை மண்ணெண்ணெயில் இட்டு வைப்பர். மெக்னீசியம் விரைந்து வினைபுரியச் சுடுநீர் வேண்டும். இரும்பு ஹைட்ரஜனை விடுவிக்க, அது செந்நிறமாகக் காய்ந்திருக்க வேண்டும். நீரும் ஆவியாக வரவேண்டும். தங்கமோ நீராவிக்கும் அசையாது.

1780களில் பிரான்சு நாட்டு அறிஞர் லவாய்சியர், பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துப்பாக்கிக் குழலின் வழியே நீராவியைச் செலுத்தினார். மறுமுனையில் ஹைட்ரஜன் வெளிவந்தது. ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்தது. நீர் தனிமம் அன்று, சேர்மமே என்பதற்கு இது சான்றாயிற்று.

இதே வினை பெருந்தீங்கும் விளைத்தது. 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபின், ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்தில் குளிர்விக்கும் கருவிகளுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருளைச் சூழ்ந்த சிர்கோனிய உறை அளவுகடந்து சூடேறி, நீராவியோடு வினைபுரிந்தது. திரண்ட ஹைட்ரஜன் மறுநாள் வெடித்து, முதலாம் உலைக் கட்டடத்தின் மேற்பகுதியைச் சிதறடித்தது.

வெப்பம் போலவே ஒளியும் நீரைப் பிரிக்க உதவும். டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் உலோகச் சேர்மத்தின்மீது புற ஊதா ஒளி பட்டால் நீர் பிரிவதை, ஜப்பானிய அறிஞர்களான புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் வெளியிட்டனர். இங்குச் சேர்மம் செலவாவதில்லை; ஒளியே ஆற்றல் தருகிறது. ஹைட்ரஜன் எரிந்தால் மீண்டும் நீரே கிடைக்கும். ஆகவே, கதிரவன் ஒளியால் அதனை மலிவாகப் பெற இன்றும் அறிஞர் முயல்கின்றனர்.

அணுவுலையை அச்சுறுத்திய ஹைட்ரஜனே நாளைய எரிபொருளாகவும் ஆகக்கூடும். அதன் இயல்பை அறிந்து கையாளுதலே அறிவுடைமை.

சொற்பொருள்
நாட்டம் – விருப்பம்
ஆழிப்பேரலை – சுனாமி
கதிரவன் – சூரியன்

வினாக்கள்
1. சோடியத்தை மண்ணெண்ணெயில் வைப்பது ஏன்?
2. லவாய்சியரின் சோதனை எதனை மெய்ப்பித்தது?
3. புகுஷிமாவில் ஹைட்ரஜன் எவ்வாறு உண்டாயிற்று?