கையைத் தொடுமுன் மூளையைப் படி



போரூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே, காட்டுப்பாக்கத்தில் பிசியோதெரபி தொழிலைத் தொடங்குகிறாய். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்கள் உன்னைத் தேடி வருவார்கள். "கை வரல தம்பி, எக்சர்சைஸ் கொடுத்துத் தூக்க வெச்சிடுங்க" என்பார்கள் வீட்டார். ஆனால் கோளாறு கையில் இல்லை, அதை நடத்தும் மூளையில் இருக்கிறது. மூளையில் எந்த இடம் அடிபட்டது என்று தெரிந்துகொள்ளாமல் பயிற்சியைத் தொடங்காதே.

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. ரத்தம் தடைபட்டால் மூளை சீக்கிரம் அடிபடுவது அதனால்தான். எந்த ரத்தக்குழாய் அடைத்தது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். கால் அசைவுக்கான பகுதி இரு அரைக்கோளங்களும் எதிரெதிரே நிற்கும் உட்பக்கத்திலும், கை, முகத்துக்கான பகுதி வெளிப்பக்கத்திலும் இருக்கின்றன. நடுப்பெருமூளைத் தமனி அடைத்தால் காலைவிடக் கையும் முகமும் அதிகம் பாதிக்கப்படுவது இதனால்தான். இந்தப் பகுதிகளிலிருந்து இறங்கும் நரம்பிழைகள் இன்டர்னல் கேப்சூல் என்ற குறுகிய இடத்தில் நெருங்கிச் சேர்கின்றன. அங்கே சின்ன அடைப்பு போதும், ஒரு பக்கம் முழுவதும் விழுந்துவிடும். சிறுமூளை பாதித்தவருக்கோ பலம் இருக்கும், டம்ளரை எடுக்கப் போகும் கை மட்டும் குறி தவறும். அவருக்கு பலம் கூட்டும் பயிற்சி மட்டும் கொடுத்து என்ன பயன்?

கை பலவீனம் ஒன்றுபோல இருந்தாலும் ஆள் வேறு. பெரும்பாலோருக்கு மொழி இடப்பக்க மூளையில் இருப்பதால், வலக்கை விழுந்தவருக்கு உன் பேச்சே புரியாமல் போகலாம். அவருக்குச் செய்து காட்டு. வலப்பக்க மூளை அடிபட்டவர் சிலர் இடப்பக்க உலகத்தையே கவனிக்க மாட்டார்கள். இலை போட்டால் இடது ஓரத்து உப்பும் ஊறுகாயும் தொடாமல் கிடக்கும். அடம் பிடிக்கிறார் என்று வீட்டார் கோபப்படுவார்கள். அது அடமல்ல, நோயின் கூறு என்று அவர்களுக்கு விளக்குவதும் உன் சிகிச்சைதான்.

ஸ்கேன் பார்ப்பது டாக்டர் வேலை என்பாய். நோயைக் கணிப்பது அவர் வேலை, சரி. ஆனால் அடிக்கடி அந்தக் கையைப் பிடிப்பவன் நீ. மூளைதான் தன்னை மாற்றியமைத்துக்கொள்ளுமே, நிறையப் பயிற்சி போதாதா என்றும் கேட்பார்கள். மூளை மாறும் என்பது உண்மைதான். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன் 1990களில், கை இழந்தவர்களின் மாய உறுப்பு வலிக்கு, நல்ல கையின் பிம்பத்தைக் காட்டும் கண்ணாடியைப் பயன்படுத்தினார்; பிறகு அது பக்கவாதத்துக்கும் வந்து, பலருக்கு ஓரளவு பலன் தந்தது. ஆனால் இடப்பக்கத்தைக் கவனிக்காதவர் கண்ணாடியைப் பார்க்கவே முதலில் பழக வேண்டுமே! அதிகம் செய்தால் நல்லது என்பதும் எப்போதும் சரியல்ல. பக்கவாதம் வந்து 24 மணி நேரத்துக்குள் நோயாளிகளை அடிக்கடி எழுப்பி நடமாட வைத்த அவெர்ட் (AVERT) என்ற ஆய்வில், வழக்கமான கவனிப்பைவிடப் பலன் குறைந்ததை 2015இல் வெளியிட்டார்கள்.

ஸ்கேன் ஒன்றுபோல இருக்கும் இருவர் ஒன்றுபோலத் தேறுவதில்லை என்பதும் உண்மை. அதனால் ரிப்போர்ட்டை வைத்து ஜோசியம் சொல்லாதே. எதைச் சோதிக்க வேண்டும் என்று அறியவே அதை வாசி. முதல் நாள் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கு. பேச வை, இரு பக்கமும் பார்க்க வை. தண்ணீர் குடித்தால் இருமல் வருகிறதா என்று விசாரி. வந்தால் உடனே டாக்டரிடம் அனுப்பு. கையை அதற்குப் பிறகு தொடு. நீ வாங்கும் கட்டணத்தில் அந்த முதல் அரை மணி நேரத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.