முப்பத்தைந்து மீட்டருக்குள்

தடை ஓட்டக்காரன் என்று சொன்னால் காங்கேயத்தில், "நல்லாத் தாவுவீங்களா?" என்றுதான் கேட்பார்கள். உயரத் தாவுகிறவன் காற்றிலேயே நேரத்தை விடுவான். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் முதல் தடைக்கு 45 மீட்டர், அப்புறம் பத்தாவது வரை 35, 35 மீட்டராக இடைவெளி, கடைசியில் கோட்டுக்கு 40. பந்தயம் நடப்பது அந்த 35 மீட்டருக்குள்தான்.

எண்ணெய் மில்லில் கணக்குப் பார்த்துக்கொண்டு, வேலை போக மிச்ச நேரத்தில் ஓடும் ஆள் நான். புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதலில் காலடிக் கணக்கைத்தான் கேட்பேன். உலகத்தர வீரர்கள் இடையில் 13 காலடி வைக்கிறார்கள். நமக்கு 15 வந்தாலே பெரிது. 17 என்றாலும் வெட்கமில்லை. ஒற்றைப்படையாக இருக்கும்வரை ஒரே கால்தான் முன்னால் போகும். களைப்பேறி ஒரு காலடி கூடிவிட்டால் மற்றக் கால் முன்வர வேண்டியிருக்கும். அதைப் பழக்காதவர் தடை முன் தடுமாறி நிற்பார். ஆகவே இரண்டையும் பழக்குங்கள். வளைவில் இடதுகால் முன்னால் போவது லாபம். வலதுகாலை வீசுபவரின் பின்கால், தடைக்கு வெளியே அதன் உயரத்துக்குக் கீழே போய்விடக்கூடும். அப்படிப் போனால் தகுதி நீக்கம்தான்.

தடை வாங்கக் காசில்லை என்று நிற்க வேண்டாம், ஆசாரியிடம் சொல்லிச் செய்யலாம். ஆண்களின் 400 மீட்டர் தடைக்கு உயரம் மீட்டரில் 0.914 என்றால் அவர் நம் முகத்தைப் பார்ப்பார். மூன்றடி என்றால் போதும். பெண்களுக்கு இரண்டரை, ஆண்களின் 110 மீட்டருக்கு மூன்றரை. இங்கிலாந்தில் அடி, கெஜக் கணக்கில் வளர்ந்த விளையாட்டு இது. தடையின் அடிக்கட்டை ஓடி வருகிறவர் பக்கம் நீண்டிருக்க வேண்டும், அப்போதுதான் கால் பட்டதும் முன்னால் கவிழும். எதிர்ப்பக்கமிருந்து தாண்டினால் தடை சாயாது, ஆள்தான் சாய்வார். பள்ளி மைதானங்களில் சின்னப் பையன்கள் விளையாட்டாகச் செய்வது இதைத்தான். பார்த்தால் அதட்டுங்கள்.

தடையில்லாத ஓட்டத்தைக் குறைக்காதீர்கள். நம் திருப்பூர் மாவட்டத்துத் தருண் அய்யாசாமி 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 48.96 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். ரியோ ஒலிம்பிக்கில் 4x400 தொடரோட்டத்திலும் ஓடியவர். கோவை வித்யா ராமராஜ் 2023 ஹாங்சோவில் 55.42 ஓடி, பி.டி. உஷாவின் 1984 சாதனையைத் தொட்டு, மறுநாள் வெண்கலமும் பெற்றார். அதே போட்டியில் தொடரோட்டங்களில் இரண்டு வெள்ளி. வெறும் 400 மீட்டரில் கால் வேகமில்லாதவருக்குத் தடை நுணுக்கம் எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் ஒரு எல்லைதான்.

வயது ஏறினாலும் ஓடலாம். மூத்தோர் போட்டியில் 50 தாண்டிய ஆண்களுக்கு உயரம் குறையும். 60க்கு மேல் தூரமும் 300 ஆகிவிடும்.

இந்த ஊரில் இன்னொரு எதிரி காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து ஆளைத் தள்ளும். தாராபுரம் பக்கம் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? எதிர்காற்றில் காலடி சுருங்கும். அந்த நேர்ப்பாதையில் மட்டும் முதலிலேயே 17க்கு இறங்கிவிடுங்கள். 15ஐப் பிடித்துத் தொங்கினால் தொடைத்தசை பிடித்துக்கொள்ளும்.

மண் தரைக் கணக்கை அப்படியே போட்டிக்குக் கொண்டுபோகவும் கூடாது. சிந்தெட்டிக் தளத்தில், ஸ்பைக்ஸ் போட்டு ஓடும்போது காலடி நீளும், தடை மூக்குக்கு நேராக வந்து நிற்கும். போட்டிக்கு முன்வாரமே கோவை நேரு ஸ்டேடியம் போன்ற இடத்தில் ஓடிப் பார்த்து, முதல் 45 மீட்டரின் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். பஸ் செலவைப் பார்க்க வேண்டாம்.