இணைப்புத் தண்டும் அதன் இடைவெளியும்

மாட்டு வண்டியின் குடத்திற்கும் இருசுக்கும் நடுவே சிறிது இடம் இருத்தல் வேண்டுமென்பதை நம் நாட்டுத் தச்சர் நெடுங்காலமாக அறிவர். அவ்விடத்தில் வண்டிமை நின்று உராய்வைத் தடுக்கும். இடம் சற்று மிகினும் சக்கரம் ஆடுமேயன்றிப் பெருங்கேடு விளைவதில்லை. எருதின் நடை மெல்லிதன்றோ? மோட்டார் எஞ்சினுள்ளும் இத்தகைய இடம் உண்டு. ஆயின் அதன் அளவு ஒரு மயிரிழையினும் குறைவு. அது மிகினும் குறையினும் எஞ்சின் பாழாம். உத்திரமேரூரைச் சூழ்ந்த ஊர்களில் இன்றும் பழைய கார்களைப் பிரித்துப் புதுக்கும் பட்டறைகள் உளவாதலின், அவ்விடைவெளியை அளந்தறியும் முறையினை ஈண்டு ஆராய்வாம்.

எடுத்துக்காட்டாக அம்பாசிடர் காரைக் கொள்வோம். மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் அதனைச் செய்யுந் தொழில் 2014-ஆம் ஆண்டோடு நின்றது. எனினும் மணமக்களைச் சுமக்கும் பேறு அதனை விட்டு முற்றும் அகலவில்லை. அதன் பழைய வகை எஞ்சின் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது. நான்கு உருளைகளுள் நான்கு பிஸ்டன்கள் 88.9 மில்லிமீட்டர் தொலைவு ஏறியிறங்கும். அவ்வேற்றிறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்கு. பிஸ்டனையும் கிராங்கையும் பிணைப்பதே கனெக்டிங் ராடு எனப் பட்டறையார் கூறும் இணைப்புத் தண்டு. அதன் பெரிய முனை கிராங்கின் கழுத்தைத் தழுவி நிற்கும். கழுத்தின் விட்டம் ஏறத்தாழ 1⅞ அங்குலம். முனையின் பாதி கழற்றத்தக்க மூடியாகும். இரு பாதிகளின் உட்புறத்தும் மெல்லிய பேரிங் ஓடுகள் இரண்டு பொருந்தியிருக்கும். இவ்வோட்டிற்கும் கழுத்திற்கும் இடைப்பட்ட வெளியே நம் ஆராய்ச்சிப் பொருள்.

எஞ்சின் நிமிடத்திற்கு 4000 முறை சுழலுங்கால் கழுத்தின் மேற்பரப்பு நொடிக்கு ஏறக்குறையப் பத்து மீட்டர் விரைவில் ஓடும். அவ்விரைவில் உலோகமும் உலோகமும் தீண்டுமாயின் நொடிப்பொழுதில் உருகும். தீண்டாமற் காப்பது எண்ணெய்ப் படலம். இதன் வலிமையை உலகிற்குக் காட்டியவர் ஆங்கில நாட்டு பீச்சம் டவர் என்பார். 1883-ஆம் ஆண்டில் வெளிவந்த சோதனைகளில் அவர் பேரிங்கின் மேற்புறத்தே ஒரு துளையிட்டார். அதன் வழியே எண்ணெய் மேலெழுந்தது. அடைப்பானை வைத்து மூடினார். எண்ணெய் அதனையும் தள்ளி வெளிவந்தது. சுழலும் தண்டு எண்ணெயை ஒடுங்கிய இடத்துள் இழுத்துச் சென்று அழுத்தம் பிறப்பிக்கின்றது என்பதை 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணித வாயிலாக விளக்கினார். எனவே காரைச் சுமப்பது பேரிங்கன்று, இடைவெளியில் நிற்கும் எண்ணெயே என்னலாம். வெற்றிடமென நாம் எண்ணுவது வேலை செய்யும் இடமாக இருத்தல் வியப்பன்றோ?

இடைவெளி குறையின் படலம் நிற்க இடமின்றிச் சூடேறிக் கழுத்து ஓட்டினைப் பற்றிக்கொள்ளும். மிகினோ, எண்ணெய் இருபுறமும் வழிந்தோடும். இவ்வழிவு இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்திற்கு ஏற்ப மிகும். அஃதாவது இடைவெளி இருமடங்காயின் வழிவு எண்மடங்காம். ஒரு பேரிங்கில் எண்ணெய் வீணாக, ஏனையவற்றில் அழுத்தம் குன்றும். பின்னர்த் தட்டும் ஓசை எழும். தண்டு முறிந்து எஞ்சினின் உடலைத் துளைத்து வெளிவருதலும் உண்டு.

ஆயின் எத்துணை இடைவெளி தக்கது? ஓர் அங்குல விட்டத்திற்கு ஆயிரத்திலொரு பங்கு அங்குலம் என்பது பொதுவிதி. இதன்படி அம்பாசிடரின் கழுத்திற்கு ஏறத்தாழ 0.002 அங்குலம், அதாவது 0.05 மில்லிமீட்டர் வரும். எனினும் செய்தோர் தந்த கைந்நூலில் உள்ள அளவே முடிவானது.

பட்டறைகளில் யாம் கண்டவரை, முதியோர் சிலர் தண்டினைக் கையால் ஆட்டியே இடைவெளியை மதிப்பிடுகின்றனர். அவர்தம் விரலறிவை யாம் மிக மதிக்கின்றோம், ஆயினும் 0.002-இற்கும் 0.004-இற்கும் உள்ள வேறுபாட்டை எவ்விரலும் உறுதியாக உணராது. தண்டு பக்கவாட்டில் அசைவது இயல்பு; அவ்வசைவு கையை மயக்கும். பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தோடு பொன் வாரியத்தையும் குறிக்கின்றன. பொன்னின் மாற்றை உரைகல்லின்றி மதிப்பாரிலர். எஃகின் தேய்வுக்கும் ஓர் உரைகல் வேண்டும்.

அது மைக்ரோமீட்டர். கழுத்தை ஒரு திசையில் அளந்தபின், செங்குத்தான மறுதிசையிலும் அளத்தல் வேண்டும்; இரு ஓரங்களிலும் இவ்வாறே செய்தல் வேண்டும். ஏனெனில் கழுத்து வட்டமாகத் தேயாது. பிஸ்டனின் அடி விழும் பக்கமே மிகத் தேய்ந்து முட்டை வடிவாகும். ஓடுகளைப் பொருத்தி, மூடியின் போல்ட்டுகளைக் கைந்நூல் கூறும் முறுக்கு விசையில் இறுக்கியபின் உள்விட்டம் 1.8780 அங்குலம் எனக் கொள்வோம். கழுத்து ஒரு திசையில் 1.8760, மறுதிசையில் 1.8740 ஆயின், இடைவெளி ஓரிடத்து 0.0020, மற்றோரிடத்து 0.0040. இத்தகைய கழுத்திற்குப் புதிய ஓடு வாங்கியிடுதலால் பயனில்லை. வடிவக் கேடு எஞ்சியே நிற்கும். கிராங்கினைச் சாணை பிடித்து 0.010 அங்குலம் குறைத்து, அதற்கேற்ற தடித்த ஓடுகளை இடல் வேண்டும்.

மைக்ரோமீட்டர் இல்லார்க்குப் பிளாஸ்டிகேஜ் என்னும் மெழுகு போன்ற மெல்லிழை உதவும். கழுத்திலுள்ள எண்ணெயைத் துடைத்து, இழையை நீளவாட்டில் கிடத்தி, மூடியை இறுக்கிப் பின் கழற்றினால் இழை நசுங்கியிருக்கும். அகலமாக நசுங்கின் இடைவெளி குறைவு; ஒடுங்கி நிற்பின் மிகுதி. பச்சை இழை 0.001 முதல் 0.003 வரை காட்டும். இறுக்கியபின் கிராங்கைச் சுழற்றலாகாது. சுழற்றின் இழை இழுபட்டுப் பொய்யளவு தரும். இழை தான் கிடந்த இடத்தையே உரைக்குமாதலின், ஒருமுறை வைத்துப் பார்த்து முட்டைத் தேய்வு இல்லையென்று துணிதல் தகாது.

இனி ஒரு தீய வழக்கம். முகூர்த்த நாள் நெருங்க, வாடகைக் கார் உடையவர் விரைவு படுத்துவார். சாணைக்கு அனுப்பப் பொழுதும் பொருளும் வேண்டும். அந்நிலையில் மூடியின் விளிம்பை அரத்தால் அராவியோ, ஓட்டின் பின்னே காகிதம் மடித்து வைத்தோ இடைவெளியைச் சுருக்குவாரும் உளர். மெல்லோடுகள் தம் இருக்கையினும் சிறிதே உயர்ந்து நின்று, இறுக்குங்கால் அழுந்தித் தம்மிடத்தே நிலைபெறுமாறு செய்யப்பட்டவை. எஃகு முதுகின்வழியே வெப்பம் தண்டிற்குச் செல்லும். அராவினால் உள்வட்டம் கோணும். காகிதமோ வெப்பத்தைத் தடுக்கும். சில வாரங்கள் ஓசையின்றி ஓடலாம். பின்னர் முறியுங்கால் காருள் மணமக்களே இருத்தலுங் கூடும். இதனைச் சிக்கனம் என்றல் எவ்வாறு பொருந்தும்? சென்னையில் 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனமும், 1961-இல் பைமெட்டல் பேரிங்ஸ் நிறுவனமும் தோன்றியபின் இவ்வுறுப்புகள் நம் நாட்டிலேயே செய்யப்படலாயின. ஆதலின் ஓடு அரிய பண்டமென்னும் சமாதானமும் நில்லாது.

ஒவ்வொரு மூடியையும் அதற்குரிய தண்டிலேயே, அதே பக்கமாகப் பூட்டல் வேண்டும். மாறின் அளந்த அளவெல்லாம் வீணாம். ஆகவே கழற்றுமுன் எண்ணிட்டுக் கொள்க. ஒவ்வொரு மூடியை இறுக்கிய பின்னும் கிராங்கைக் கையாற் சுழற்றிப் பார்த்து, எங்கேனும் பிடிக்குமாயின் அதனையே மீளக் கழற்றி ஆய்க. இறுதியில் ஓடுகளில் எண்ணெய் பூசி, தீப்பொறி இணைப்பை நீக்கி, எண்ணெய் அழுத்தங் காட்டும் முள் எழும்வரை எஞ்சினைச் சுழற்றிய பின்னரே முதன்முறை இயக்கல் வேண்டும்.