கட்டத் தெரிந்தால் போர்டு வைக்கலாமா?

கேள்வி: பெருங்கடவிளையில் எங்கள் அப்பா பேர்பெற்ற வர்ம ஆசான். சுளுக்கு, எலும்பு முறிவு என்று பாறசாலையிலிருந்தும், எல்லை தாண்டிக் களியக்காவிளையிலிருந்தும் ஆள் வரும். அவரிடம் கற்ற நான் கட்டுப் போட்டால், "பிராக்டீஸ் பண்ண லைசென்ஸ் உண்டா?" என்கிறார்கள். படிப்பு முடித்துப் போன மாதம் கிளினிக் திறந்த டாக்டர் மட்டும் 'பிராக்டீஸ்' பண்ணலாமாம். பழகிப் பார்ப்பவருக்கு உரிமை, பழகித் தேர்ந்தவனுக்கு இல்லையா சார்?

பதில்: குறும்பான கேள்வி, நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த டாக்டர் பழகிப் பார்க்கவில்லை. பழகுவதெல்லாம் ஹவுஸ் சர்ஜன்சி என்ற ஓராண்டில், மூத்தவர்கள் மேற்பார்வையில் முடிந்துவிட்டது. பிறகு கவுன்சில் பதிவேட்டில் பெயர் ஏறி, தன் பொறுப்பில் தொழில் நடத்துவதுதான் பிராக்டீஸ். வக்கீல் பண்ணுவதும் இதே பிராக்டீஸ்தான்.

உங்கள் ஊரில் இதை ஆண்டது 1953-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி மருத்துவர் சட்டம். 1956-ல் மாநில எல்லை பிரித்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனது, உங்கள் நெய்யாற்றின்கரை கேரளப் பக்கம் நின்றது. சட்டம் மட்டும் இல்லாத ராஜ்யத்தின் பெயரிலேயே 2021 வரை ஓடியது! கேரளப் பரம்பரை வைத்தியர்கள் தங்களையும் அனுமதிக்கக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அங்கீகரித்த தகுதி இல்லாமல் வைத்தியம் செய்யக்கூடாது என்று 2018 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. பதிவேடு இல்லாத மாநிலங்களில் அதற்கு முன்பே ஐந்தாண்டு வைத்தியம் பார்த்துவந்தவர்களை 1970-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் விட்டுவைத்தது உண்மை. அது அந்த ஆளுக்கு மட்டும், மகனுக்கு இறங்காது.

ஆசான்களைச் சோதித்துச் சேர்த்துக்கொள்ள ஒரு வாசலாவது திறந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனாலும் பதிவேடு வேண்டும். இறுக்கிய கட்டில் ரத்த ஓட்டம் நின்று கையை எடுக்க நேர்ந்தால், நோயாளி யாரிடம் போவார்? பதிவேட்டில் ஏற்றிய பெயரை அடிக்கவும் முடியும். டிகிரிக்காரர்களுக்கும் வரம்பு உண்டு. ஹோமியோ படித்தவர் அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், அப்படிக் கொடுத்ததே கவனக்குறைவு என்றது உச்ச நீதிமன்றம், 1996-ல்.

ஆகவே போர்டு வைக்காதீர்கள். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் நீட் எழுதச் சொல்லுங்கள். முஞ்சிறையிலும் போத்தன்கோடு சாந்திகிரியிலும் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஐந்தரை ஆண்டுப் படிப்பு. அதற்குள் யாராவது முறிந்த கையோடு வாசலில் வந்து நின்றால், தடவிப் பார்க்காமல் கை அசையாதபடி தாங்கு கொடுத்து, நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே எடுக்க அனுப்புங்கள்.